பக்கத்து சீட்டு

அசஞ்சது பாட்டில்தான். பாப்பா இல்ல. இடது பக்கப் பாக்கெட்டுல துணி சுத்தி வச்ச தைல பாட்டிலுங்க, பிளேன் லேசா சாஞ்சதும் ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு விலாவுல முட்டுது. அதுக்கு நான் மூச்சைப் புடிச்சுகிட்டு, வந்துட்டியா தங்கம், இவ்வளவு நேரம் எங்க போயிருந்தன்னு மனசுக்குள்ள கேக்கவே ஆரம்பிச்சுட்டேன். கையை விட்டுப் பாத்தா கண்ணாடி. உனக்கு வேணும்டி சுகந்தி, நல்லா வேணும். கைப்பையில ஏழு கிலோவுக்கு மேல விடமாட்டான், உடம்புல போட்டிருக்கறதை எவனும் தராசுல வைக்கமாட்டான்னு வீட்டுக்காரரு செழியனோட குளிர்கோட்டை மாட்டிகிட்டு, அதுல இருக்கற பாக்கெட்டு அத்தனையிலயும் தைலம், சாக்லேட்டு, சித்தப்பாவுக்கு மூட்டுவலிக் களிம்பு, போன் சார்ஜருன்னு அடைச்சது யாரு. நான்தான். இப்ப இந்த நடு சீட்டுல, ஜன்னல் பக்கம் ஒரு ஆளு தொப்பியை முகத்துல கவுத்துகிட்டுத் தூங்க, இந்தப் பக்கம் ஒரு அண்ணன் காலை நீட்ட இடமில்லாம நெளிய, ஆறு கிலோ சாமானும் வயித்துப் புள்ளையுமா அசையாம உக்காந்திருக்கேன். அசையாமன்னு ஏன் சொன்னேன். அந்த வார்த்தை வேண்டாம். நேத்து சாயங்காலம் துணி மடிச்சுகிட்டிருந்தப்ப வலது பக்கம் ஒரு உதை விட்டுச்சே, அவரோட லுங்கி கையில இருந்துச்சு, ஆமா, நீலக் கட்டம் போட்டது, அதை மடியில வச்சுகிட்டு, டேய் மெதுவாடான்னு சொன்னேனே. அதுக்கப்புறம் சாப்பிட்டேன், பை எடை பாத்தேன், எடுத்தேன், வச்சேன், திரும்ப எடை பாத்தேன், படுத்தேன். அந்த நேரத்துல எல்லாம் அசஞ்சுதா இல்லையா. ஞாபகமே இல்ல. எடை பாத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. பெத்தவளாம், நல்ல பெத்தவ.

திரும்பிப் பாத்தா செழியன் தெரியமாட்டேங்கறாரு. நான் முன்னால, அவரு கடைசிக்குக் கொஞ்சம் முன்னால. நடுவுல முழுக்கத் தலைங்க. மஞ்ச சட்டைதான் போட்டுவிட்டேன், கூட்டத்துல தெரியும்னு, ஆனா உக்காந்துட்டா சட்டை எங்க தெரியும். டிக்கெட்டுன்னா சுகந்திகிட்ட கேளுன்னு ஆபீசே சொல்லும். கிடங்குல பொட்டி தூக்கறவங்கள்லேர்ந்து மேனேஜரம்மா வரைக்கும் என் மேசைக்கு வருவாங்க. நான் வாத்தியாரம்மா மாதிரி சொல்லிக் குடுப்பேன். சம்பளம் போடற வாரத்துல தேடாதீங்க. ஒரே டிக்கெட்டைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பாக்காதீங்க, நமக்கு ஆசைன்னு தெரிஞ்சா ஏத்துவான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா போடாதீங்க, சல்லிசு சீட்டு ஒண்ணே ஒண்ணு மிஞ்சியிருக்கும், ரெண்டு கேட்டா ரெண்டையும் பெரிய விலைக்குத் தள்ளிடுவான், தனித்தனியாப் போடுங்க. அப்படித்தான் எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் போட்டேன். பிளேனுக்குத் தெரியுமா நாங்க புருஷன் பெண்டாட்டின்னு. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு தனி ஆளு. அப்புறம் அந்தக் கட்டங்கள் வரும். சீட்டு நீங்களே எடுத்துக்கறீங்களா, வேண்டாம். சாப்பாடு, வேண்டாம். பொட்டி, வேண்டாம். தேதி மாத்தற வசதி, வேண்டாம். இன்ஷூரன்ஸ், வேண்டாம். அந்த வேண்டாமை மட்டும் பொடி எழுத்துல மங்கலா ஒரு மூலையில வச்சிருப்பான், நிச்சயமா வேண்டாமான்னு இன்னொரு தடவை பாவமாக் கேப்பான், அதையும் பாத்துட்டு அமுக்கணும், அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. நான் ஏமாந்ததே இல்ல. செழியன் பின்னால நின்னுகிட்டு, சீட்டாவது பக்கத்துல எடுக்கலாம்லன்னாரு. நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து என்ன பண்ணப்போறீங்க, தூங்கத்தானே போறீங்கன்னேன். சிரிச்சாரு. அந்த மனுஷன் எதுக்கும் சிரிச்சுடுவாரு.

காலையில ரயில்ல சிரிக்கல. விமான நிலையத்துக்கு வர்ற ரயில்ல, நின்னுகிட்டே வந்தவரு, நான் சொன்னதும் குனிஞ்சு என் முகத்தைப் பாத்தாரு. ஏங்க, காலையிலேர்ந்து அசையலங்கன்னேன். சாதாரணமாத்தான் சொன்னேன், கேஸ் அணைச்சோமான்னு கேக்கற மாதிரி. அவரு உடனே, இறங்கிடுவோம் சுகந்தி, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம், டிக்கெட் போனா போகுதுன்னாரு. போனா போகுதா. திரும்ப ஒரு காசு வராது, தேதியும் மாத்த முடியாது, நாளைக்குப் புதுசா வாங்கினா மூணு மடங்கு. இதை எல்லாம் நான் ரயில்லயே சொன்னேன். தூங்குதுங்க, நேத்து நான் ரொம்ப நேரம் நின்னுகிட்டே இருந்தேன்ல, அதுவும் களைச்சுப் போயிருக்கும்னேன். ரெண்டு ஸ்டேஷன் போச்சு. கதவு திறந்து மூடுச்சு, திறந்து மூடுச்சு. ஒரு தடவை திறந்தப்ப அவரு என் பையைக் கையில எடுத்துட்டாரு, இறங்கத்தான் எடுத்தாரு. நான் பை வாரைப் புடிச்சுகிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சண்டை எல்லாம் இல்ல. நான் ஒரு பை வாரைப் புடிச்சேன். அவரு விட்டுட்டாரு. ஏன் விட்டீங்க. டிக்கெட் விஷயத்துல சுகந்தி சொன்னா சரியா இருக்கும்னு விட்டீங்களா. இது டிக்கெட் விஷயமா.

தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடினா எதைத் தொட்டாலும் சரியாத்தான் இருக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டுல. அது வழக்கம், அதோட சிங்கப்பூர்ல பிரசவம் பாக்கற செலவுல மன்னார்குடியில ரெண்டு புள்ளை பெத்துட்டு வந்துடலாம். ஏழாம் மாசம் வளைகாப்புன்னு அம்மா சொன்னாங்க. ஏழாம் மாசம் பாத்தா இங்க பள்ளிக்கூட லீவு, டிக்கெட் விலை வானத்துல. அப்ப ஒன்பதுல வச்சுக்கலாம்மா, ஒத்தைப்படை மாசம்தானேன்னேன். ஒன்பது ஆடியில பாதி, ஆவணியில பாதி வரும்டி, ஆடியில வளைகாப்பு யாரு வைப்பான்னாங்க. அங்கதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. ஆடியில கல்யாணம் காட்சி கிடையாது, ஊருக்கு எவனும் போகமாட்டான், டிக்கெட் சல்லிசு. ஆடி முடியற வாரத்துல போய் இறங்கி, ஆவணி முதல் முகூர்த்தத்துல வளையல் போட்டுக்கறது. ரெண்டு நாள் தள்ளினா விலை ரெண்டு மடங்கு. அம்மாவே போன்ல, எங்கேர்ந்துடி உனக்கு இவ்வளவு புத்தி, உங்கப்பாகிட்டேர்ந்து வந்திருக்காதுன்னாங்க. பெருமையா இருந்துச்சு. ஏர்லைன்ஸ்காரன் மாசம் எண்ணமாட்டான், வாரம் எண்ணுவான், இத்தனை வாரத்துக்கு மேலன்னா டாக்டர் கடிதம் வேணும்னு அப்புறம்தான் படிச்சேன். கடிதம் வாங்கப் போனா டாக்டரம்மா ஸ்கேன் பாக்காமக் குடுக்கமாட்டாங்க. குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு, அடுத்த வாரமே வாங்க, தள்ளிப் போடாதீங்கன்னு போன தடவையே சொல்லிட்டாங்க. ஊர்ல போய்ப் பாத்துக்கலாம், அங்க ஸ்கேன் எல்லாம் ஒண்ணுமே இல்லன்னு நான் தள்ளிப் போட்டுட்டேன். பொட்டி போடாததால கவுண்டருக்குப் போக வேண்டியதே இல்ல, போன்லயே எல்லாம் முடிஞ்சுது, பிளேன் வாசல்ல மட்டும் ஒரு பொண்ணு என் வயித்தைப் பாத்து எத்தனை வாரம்னா. இருபத்தேழுன்னேன். நெசத்துல முப்பத்திநாலு. வயிறு சின்னது, கோட்டு பெருசு, நம்பிட்டா. சின்ன வயிறா இருக்கறதும் நல்லதாப் போச்சுன்னு எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். என் புள்ளை வளராம இருக்கறதை நினைச்சு நான் சந்தோஷப்பட்டேன்.

பக்கத்துல இருக்கற அண்ணன் ஏதோ கேக்கறாரு. பேராவூரணிப் பக்கமாம், பேரு பாண்டித்துரை, கப்பல் பட்டறையில வேலை, ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறாரு. ஏறினதுமே என் கோட்டைப் பாத்து, தங்கச்சி, எத்தனை கிலோ தேறும் உள்ளன்னு சிரிச்சாரு. நானும் மூணு சட்டை போட்டிருக்கேன், இன்னும் ரெண்டு பேன்ட்டு, கழுதை மாதிரி வேர்க்குதுன்னு காலரை ஒண்ணொண்ணா விலக்கிக் காட்டினாரு. அப்புறம் வயித்தைப் பாத்துட்டு, அய்யோ தப்பா நினைச்சுக்காதம்மா, எல்லாம் சாமான்னு நினைச்சுட்டேன்னு நாக்கைக் கடிச்சாரு. நானும் சிரிச்சேன். இப்ப அவரு கேக்கறது, மேலுக்கு முடியலையா தங்கச்சின்னு. என் முகம் எப்படி இருக்கோ. ஒண்ணுமில்லண்ணே, தாகம்னேன். காலி பாட்டில்தான் பையில இருக்கு, உள்ள வந்து ரொப்பிக்கலாம்னு நினைச்சு மறந்தே போச்சு. சில்லுன்னு இனிப்பா எதையாவது குடிச்சுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, புள்ளை அசையும், எண்ணுங்கன்னு ஆஸ்பத்திரிச் சுவத்துல படம் போட்டு எழுதியிருக்கும். ஒருக்களிக்க இங்க எங்க இடம். வண்டி தள்ளிகிட்டு வந்தா விமானப் பணிப்பெண். ஆரஞ்சு ஜூஸ் இருக்கான்னேன். என் வாயாலதான் கேட்டேன். இத்தனை வருஷத்துல பிளேன்ல ஒரு பருக்கை வாங்கினவ இல்ல நான், வாங்கறவங்களைப் பாத்தா மனசுக்குள்ள பாவம்னுதான் நினைப்பேன். விலை சொன்னா. காசு அவருகிட்ட இருக்கு, கார்டு அவருகிட்ட இருக்கு, அவரு கடைசியில இருக்காரு. பாண்டித்துரை அண்ணன் உள் சட்டைப் பையில கையை விட்டு, அதுக்குள்ள இருந்த இன்னொரு சட்டைப் பையில விட்டு, கசங்கின நோட்டை எடுத்துக் குடுத்துட்டாரு. வீட்டுக்காரருகிட்ட வாங்கித் தர்றேண்ணேன்னேன். அட விடும்மா, ஊரு போற நேரத்துல ஜூஸுக்குக் கணக்குப் பாக்கவான்னாரு.

குடிச்சேன். பல்லு கூசற சில்லிப்பு. தொண்டையில இறங்கி, நெஞ்சுல இறங்கி, வயித்துல இறங்கி, அங்க யாரும் இல்லாத மாதிரி நின்னுடுச்சு. இல்ல, இரு, இப்பத்தானே குடிச்சேன். சக்கரை ஏறணும், ரத்தத்துல போகணும், கொடி வழியா அதுக்குப் போகணும், அதுவும் தூக்கம் கலைஞ்சு சோம்பல் முறிக்கணும். காத்திரு. எதுக்கும் காத்திருந்தா விலை குறையும்னு எல்லாருக்கும் சொல்லுவியே. கோட்டைத் திறந்து கையை உள்ள விட்டு வலது பக்கம் வச்சேன், நேத்து உதைச்ச இடம். உன் பேருல ஒரு கணக்குத் திறந்து வச்சிருக்கேன் தெரியுமாடா தங்கம், உனக்குப் பேரே வைக்கல, போன்ல பாப்பான்னு போட்டு வச்சிருக்கேன். சீட்டு எடுக்காத காசு அதுல போச்சு. சாப்பாடு வாங்காத காசு போச்சு. டாக்சியில வராம ரயில்ல வந்த காசு, ஸ்கேன் பாக்காத காசு எல்லாம் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டுட்டு உன்னைத் தட்டிச் சொல்லுவேனே, உனக்குத்தான்னு, நீயும் திரும்பத் தட்டுவியே. இப்ப தட்டேன். ஒரு தடவை. உதைக்கக்கூட வேண்டாம், விக்கல் எடுத்தாப் போதும், போன வாரம் எடுத்தியே கடிகாரம் மாதிரி. ஏதோ புரளுது. இல்ல, அது என் குடலு, பசிச்ச குடலு ஜூஸைப் பாத்துப் புரளுது. வீட்டுல சாப்பிட்டுட்டுக் கிளம்பினா போதும்னு விடிகாலையில ரெண்டு இட்லி. வயிறு கல்லு மாதிரி இருக்கு. கல்லு மாதிரின்னா அது நல்லதா கெட்டதா. பனியா இருக்கே கை. என் கைதான் பனியா இருக்கு, வயிறு சூடாத்தான் இருக்கு. சூடா இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தமா. என் சூடு அது, எனக்குச் சூடு இருக்கற வரைக்கும் அதுவும் சூடாத்தான் இருக்கும். அய்யோ, என்ன நினைக்கற நீ. நினைக்காத. பயமா இருக்குங்க. செழியன், எனக்குப் பயமா இருக்கு. எந்திரிச்சு நடந்துபோய்ச் சொல்லலாம்னா பெல்ட்டு போடற விளக்கு எரியுது. பிளேன் குலுங்குது. குலுங்கற ஒவ்வொரு தடவையும் உள்ள ஏதோ அசையற மாதிரி இருந்து இல்லாமப் போகுது.

தலைக்கு மேல ஒரு பட்டன் இருக்கு. மனுஷப் படம் போட்டது. அதை அமுக்கினா அவ வருவா. வந்தா சொல்லணும். சொன்னா எத்தனை வாரம்னு முதல்ல கேப்பா. வாசல்ல சொன்ன வாரத்தைச் சொல்றதா, நெசத்தைச் சொல்றதா. பொய்யின்னு தெரிஞ்சா அபராதம் போடுவானோ, திரும்பி வர்ற டிக்கெட்டையும் ரத்து பண்ணுவானோ, பாதி வழியில எங்கயாவது இறக்கினா அந்தச் செலவை எங்க தலையில கட்டுவானோ. கீழ கடலு. இறக்க எங்க இருக்கு இடம். இத்தனை பேரும் என்னைத் திட்டுவாங்க, மொட்டை போடப் போறவங்க, சாவுக்குப் போறவங்க, ரெண்டு வருஷம் கழிச்சுப் போறவங்க. பாரு, இப்பவும் கணக்குத்தான் போடறேன். புள்ளை அசையலங்கற, கணக்குப் போடறே. இதுக்குப் பேரு சிக்கனம் இல்ல சுகந்தி. எனக்கு இதுக்குப் பேரு தெரியல. பாண்டித்துரை அண்ணன் மெதுவா, தங்கச்சி, ஏன்மா அழுவுறன்னாரு. அழுவுறேனா. அண்ணே, நேத்து சாயங்காலத்துலேர்ந்து வயித்துல புள்ளை அசையலண்ணேன்னேன். சொல்லிட்டேன். சத்தமா வெளிய வந்ததும்தான் அது நெசமாச்சு. அவரு முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே போயிடுச்சு. எனக்கும் ரெண்டு புள்ளைங்கம்மா, பட்டனை அமுக்கு, எதையும் யோசிக்காதன்னாரு. கையைத் தூக்கினேன், கோட்டுப் பாக்கெட்டு இடிச்சுது, பாட்டிலு சலங்க்குன்னுது. அமுக்கினேன்.

வந்தா. சட்டையில பிரவீணான்னு பேரு குத்தியிருக்கு, தமிழ்ப் பொண்ணுதான். குனிஞ்சு, என்ன வேணும் அக்கான்னா. சொன்னேன். எத்தனை வாரம்க்கா. வாய் இருபத்தேழுன்னுதான் போச்சு, பழக்கம், பாதியில புடிச்சு நிறுத்தி முப்பத்திநாலுன்னேன். வாசல்ல பொய் சொன்னேம்மா, கடிதம் இல்ல, ஸ்கேனும் பாக்கல, குழந்தை சின்னதா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க, நான் போகல. கேக்காததை எல்லாம் சொன்னேன். அவ என்னைத் திட்டுவான்னு முகத்தையே பாத்துகிட்டிருந்தேன். திட்டல. மண்டி போட்டு உக்காந்து என் கையைப் புடிச்சுகிட்டு ஒண்ணொண்ணாக் கேட்டா. பிளேன்ல டாக்டர் யாராவது இருக்காங்களான்னு மைக்குல கேக்கட்டுமா. வேணும். இறங்கற இடத்துல ஆம்புலன்ஸ் வரச் சொல்லட்டுமா. வேணும். கூட வந்தவங்களை இங்க கூட்டிட்டு வரட்டுமா. வீட்டுக்காரரும்மா, பின்னால, மஞ்ச சட்டை. வேணும்மா, வேணும், எல்லாம் வேணும். கட்டம் கட்டமா நான் வேண்டாம் போட்டதை எல்லாம் இவ திரும்ப எடுத்து வந்து கேக்கற மாதிரி இருந்துச்சு. எவ்வளவு ஆகும்னு நான் கேக்கல. வாழ்க்கையில முதல் தடவையா கேக்கல.

மைக்குல கேட்டாங்க, இங்கிலீஷ்ல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை. எல்லாத் தலையும் திரும்பிச்சு. யாரும் எந்திரிக்கல. இன்னொரு தடவை கேட்டாங்க. தொப்பி போட்ட ஆளு முழிச்சுப் பாத்துட்டு, அவசரமாத் தன் கையை இழுத்து எனக்கு இடம் விட்டாரு. பாண்டித்துரை அண்ணன் அதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு, மூணு சட்டையோட, அந்த மஞ்ச சட்டைதானேம்மா, நான் பின்னால போயிக்கறேன், அவரு இங்க உக்காரட்டும்னு போயிட்டாரு. செழியன் வந்தாரு. ஓட முடியாத இடத்துல ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது. ரயில்லயே சொன்னேனேன்னு சொல்லல, சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். கோட்டைக் கழட்டிவிட்டாரு, அத்தனை சாமானோட அதைக் காலடியில போட்டாரு, நடுவுல இருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் பக்கத்துல உக்காந்து, என்னை இடது பக்கமாத் திருப்பித் தன் மேல சாச்சுகிட்டாரு. பக்கத்து சீட்டு. காசு யாரும் கேக்கல. நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து என்ன பண்ணப்போறீங்கன்னேனே, இதுதான் பண்ணியிருப்பாரு, கையை வச்சுகிட்டு சும்மா உக்காந்திருப்பாரு. ஏறினதுலேர்ந்து வச்சிருப்பாரு. அவரு கையை எடுத்து என் வயித்து மேல வச்சேன், வலது பக்கம், நேத்து உதைச்ச இடத்துல. பெரிய கை அவருக்கு, சூடான கை. வெளிய அம்மா இந்நேரம் வந்து நின்னுகிட்டிருப்பாங்க. சித்திங்க, அத்தை, மாமான்னு வேன் புடிச்சு எல்லாரும் வந்திருப்பாங்க. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் எல்லாம் வாங்கியாச்சு, பச்சையும் சிவப்பும்னு நேத்துதான் போன்ல சொன்னாங்க, புள்ளைக்குச் சத்தம் கேக்கணும்டி, நிறைய வாங்கியிருக்கேன்னு. காது அடைக்குது. பிளேன் இறங்குது. ஜன்னல்ல மண்ணு தெரியுது, வயலு, செம்மண்ணு, வாய்க்கால்ல தண்ணி. செழியன் கண்ணை மூடிகிட்டு உதட்டை என்னமோ அசைக்கறாரு, சாமி பேரா இருக்கும், எந்தச் சாமியோ. அப்ப அடியில இருந்து பொதக்குன்னு ஒண்ணு. அதைத் தொட்டு ஒரு நடுக்கம், சீட்டு வழியா என் முதுகுல ஏறி வயித்துக்கு வந்து அவரு கைக்குப் போச்சு. அவரு கண்ணைத் திறந்துட்டாரு. அசஞ்சுது சுகந்தின்னாரு. நெசமா, இந்தா, என் கைக்குத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியலையான்னாரு. முகமெல்லாம் தண்ணி, சிரிக்கறாரு, அந்த மனுஷன் சிரிக்கறாரு. எத்தனை தடவை இந்த பிளேன்ல போயிருக்கேன் நான். இறங்கறதுக்கு முன்னால சக்கரத்தை வெளிய விடுவான், இப்படித்தான் ஒரு இடி, இப்படித்தான் ஒரு நடுக்கம். நான் ம்னு சொன்னேன். கையை எடுத்துடாதீங்கன்னு சொன்னேன்.